சாலோமியின் வாக்குமூலம்

பல்லடம்,
ஜூலை 3

தமிழ்மதியின் அப்பாவுக்கு,

சாலோமி எழுதுவது. நானும் மகளும் இருக்கிறோம். உங்களுக்கு உடம்பு பரவாயில்லை, கொடுக்கிற சாப்பாட்டைச் சாப்பிடுகிறீர்கள் என்று வக்கீல் சொன்னார். தீர்ப்பு வந்து பத்து நாளாகியும் நான் கோயமுத்தூர் சிறைக்கு வந்து உங்களைப் பார்க்கவில்லை. பஸ் இல்லாமல் இல்லை, நேரம் இல்லாமலும் இல்லை. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற உங்களிடம் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாததால் வரவில்லை. எழுதுவதென்றால், நடுவில் அழுகை வந்தாலும் பேனாவை வைத்துவிட்டு அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

மகள் சங்கதியை முதலில் சொல்கிறேன். தமிழ்மதிக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடம் வந்தபோது என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே "பாய்லர் ஆபரேட்டர்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஈரம் ஏறுகிறது. ஆள் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். ஆனால் இது நம் வீடுதானா, அடுத்த மாதம் இதில் இருப்போமா என்று தெரியாமல் எதைச் சரிசெய்வது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் ஐக்கியத்துக்காரர்கள் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். "உங்க ஊட்டுக்காரர் ஆண்டவருக்குக் கீழ்ப்படிஞ்சுட்டாருங்க சாலோமி. நீங்க குடுத்து வெச்சவங்க" என்கிறார்கள். சொல்லிவிட்டு அவரவர் வண்டியில் அவரவர் கணவர் பின்னால் ஏறிக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன்.

நடந்ததை ஒருமுறை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் மறந்துவிட்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம். போன வருஷம் செப்டம்பரில் டையிங் பேக்டரியில் பாய்லர் வெடித்து, உங்களுக்குக் கீழே விறகு போட்ட லிங்கராஜ் செத்துப்போனான். அழுத்தம் கூடினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விடுகிற வால்வைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். கட்டியது லிங்கராஜ்தான் என்று கம்பெனியில் சொன்னார்கள், போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது. அவன் ஒடிசாக்காரன், கேட்க ஆளில்லை. நீங்களும் ஒன்றும் பேசவில்லை. டிசம்பரில் முதலாளி நமக்கு இந்த வீட்டின் சாவியைக் கொடுத்தார். பதினாறு வருஷம் லைன் வீட்டில் ஆறு குடும்பத்தோடு ஒரே கக்கூஸுக்கு வரிசையில் நின்ற நான், முதல் தடவையாக என் வீட்டு மொட்டை மாடியில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டினேன். ஆயர் வந்து வீட்டைப் பிரதிஷ்டை செய்து ஜெபித்தபோது எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நீங்கள் மட்டும் சொல்லவில்லை. நான் அப்போதே கவனித்தேன்.

அப்புறம் மார்ச் மாதத்தில், கேஸே முடியப்போகிற சமயத்தில், யாரிடமும் சொல்லாமல் கோர்ட்டுக்குப் போய் நின்றீர்கள். வால்வைக் கட்டியது நான், கட்டச் சொன்னது முதலாளி, லிங்கராஜுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "சாலோமி, இன்னிக்குத்தான் எனக்குப் பசிக்குது" என்றீர்கள். எனக்கு அந்தத் தட்டை எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

நேற்று மேனேஜர் இளங்கோ வந்தார். உங்கள் வாக்குமூலத்தால் முதலாளி மேலும் இப்போது கேஸ் வந்திருக்கிறது. அதனால் முதலாளியே வக்கீல் வைத்து உங்களுக்காக மேல்முறையீடு செய்கிறாராம். தீர்ப்பு வந்த முப்பது நாளுக்குள் போட வேண்டுமாம். "அக்கா, விபத்துக்கப்புறம் அண்ணனுக்கு மனசு சரியில்லாமப் போச்சு, என்ன பேசறோம்னு தெரியாமப் பேசிப்போட்டாருன்னு நீங்க ஒரு உறுதிமொழிப் பத்திரம் குடுங்க. அண்ணனும் ஆமான்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுமுங்க. வெளிய கொண்டாந்துரலாம். ஊட்டையும் உங்க பேருக்கே எழுதித் தர்றேன்னு முதலாளி சொல்லச் சொன்னாருங்க" என்றார். இவ்வளவு நாள் நமக்குச் சாவிதான் இருந்தது, பத்திரம் இல்லை. உங்களுக்கும் அது தெரியும்.

நீங்கள் கடவுளுக்குக் கீழ்ப்படிந்தீர்கள். சரி. கல்யாணத்தன்று பலிபீடத்துக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டும் ஒரு வாக்குக் கொடுத்தீர்களே, அது யாருக்குக் கொடுத்தது? உங்கள் ஆத்துமாவைக் காப்பாற்றிக்கொள்ள எங்கள் இரண்டு பேரையும் தெருவில் விடச் சொல்லி எந்தக் கடவுள் சொன்னார்? லிங்கராஜ் திரும்பி வரப்போவதில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் நாங்கள்தான்.

பாய்லர் வெடித்த அன்று காலையில் நமக்குள் நடந்த பேச்சைப் பற்றி நீங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். அதற்கு மட்டும் நன்றி.

நான் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இனி உங்கள் கையெழுத்துதான் பாக்கி. அடுத்த வாரம் வக்கீல் அங்கே வருவார். உங்கள் மகளை நினைத்துக்கொண்டு போடுங்கள். உங்களுக்கு நல்ல புத்தி கிடைக்க ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்மதியின் அம்மா,
சாலோமி


பல்லடம்,
ஜூலை 14

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கார்டு வெள்ளிக்கிழமை வந்தது. "என்னால் கையெழுத்துப் போட முடியாது. மன்னித்துக்கொள். நீ போட்டதற்காக நான் உன்மேல் வருத்தப்படவில்லை. தமிழ்மதியை மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகச் சொல், வெளியே வாங்கித் தின்றால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது." இவ்வளவுதான் எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். மதியச் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் நான் என்ன செய்வது?

மறுபடியும் கோபமாக ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். அதை இப்போது அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது, அதைச் சொல்ல வேண்டும்.

ஆராதனை முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கேட்டை யாரோ தட்டினார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான ஆள், சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார். "டேனியல் சார் வீடுங்களா?" என்றார். தான் லிங்கராஜுடைய அண்ணன் என்றும் சொன்னார். பெயர் கிருபாசிந்து. எட்டு வருஷமாகத் திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் இருக்கிறாராம். என் கையில் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். உங்கள் தீர்ப்பின் நகல். "அக்கா, தமிழ் பேசுவேன். படிக்கத் தெரியாது. கம்பெனியில யாரும் படிச்சுச் சொல்ல மாட்டேங்கறாங்க, பயப்படறாங்க. சார் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியணும். நீங்க படிங்க" என்றார்.

எனக்கும் அதுவரை அதைப் படிக்கத் தைரியம் வந்ததில்லை. வக்கீல் கொடுத்த நகல் பீரோவில் மடித்தபடியே கிடக்கிறது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஆள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றார். எந்த வீட்டுக்குள் வருகிறோம் என்று அவருக்குத் தெரியாது. முதலாளி நமக்கு ஏன் இந்த வீட்டைக் கொடுத்தார் என்றும் தெரியாது. நாற்காலியை எடுத்துப் போட்டேன்.

படித்தேன். முதல் இரண்டு பக்கம் சட்ட வாசகம், அதைத் தள்ளிவிட்டு உங்கள் வாக்குமூலம் இருக்கிற இடத்துக்கு வந்தேன். "வால்வில் ஆவி கசிந்தது. புது வால்வு வர இரண்டு நாளாகும். ஷிப்மெண்ட் இருக்கிறது, கட்டிவிட்டு ஓட்டு என்று முதலாளி சொன்னார். ஆபத்து என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்வதற்குத்தான் எனக்கு லைசன்ஸ் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் நான் என் கையால் கட்டினேன். லிங்கராஜிடம் சொல்லவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவன் என்னைக் கேட்டான். இருக்கிறது, விறகைப் போடு என்றேன். அவன் என்னை நம்பிப் போட்டான். அவன் மேல் எந்தத் தவறும் இல்லை."

அந்தக் கடைசி வரியை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை என்றார். அதற்குள் போனை எடுத்து என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். "என் அம்மா ஊர்ல இருக்காங்க. உன் பையன் குடிச்சிட்டுப் பாய்லரை வெடிக்க வெச்சுட்டான்னு அங்க எல்லாரும் சொல்றாங்க. அம்மா பத்து மாசமா கோயிலுக்குக்கூடப் போகலை. இதை அனுப்பணும்" என்றார். லிங்கராஜ் மேல் எந்தத் தவறும் இல்லை என்று நான் போனுக்குள் சொன்னேன். அவர் அதையே அவர்கள் பாஷையில் சொல்லிச் சேர்த்தார். அனுப்பிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மிச்சத்தையும் படிங்க" என்றார்.

மிச்சம் எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை அங்கே அதிகாரிகள் படித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பார்களாம். படிக்கட்டும். நான் எழுதுகிறேன்.

பாய்லர் வெடித்த அன்று காலை பத்து மணி இருக்கும். நான் சித்ரகலா அக்காவோடு டைல்ஸ் கடையில் இருந்தேன். முதலாளியின் சம்சாரம் அவர். முதலாளி நமக்குத் தருவதாக அப்போதே சொல்லியிருந்த வீட்டுக்குக் குளியலறை டைல்ஸ் எடுத்துத் தர அவரே என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போயிருந்தார். நீங்கள் போன் செய்தீர்கள். "சாலோமி, வால்வைக் கட்டச் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பலை. முடியாதுன்னு சொல்லிறட்டுமா?" என்றீர்கள். என் கையில் நீல நிற டைல் ஒன்று இருந்தது. நான் சொன்னது இதுதான். "உங்களுக்கு மட்டுந்தான் மனசாட்சியா? ஊருல யாரும் ஓட்டறதில்லையா? கைக்கு வந்த ஊட்டைத் தட்டி உட்டுப்போடாதீங்க. சொல்றதைச் செஞ்சுபோட்டு வாங்க." பக்கத்தில் நின்ற சித்ரகலா அக்கா என் தோளைத் தட்டி, "அப்படிச் சொல்லுங்க" என்றார். நீங்கள் "சரி" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். மூன்று மணிக்கு வெடித்தது.

அந்த போன் பேச்சு எந்த வரியில் வரும், எந்த வரியில் வரும் என்று பயந்துகொண்டே படித்தேன். வரவேயில்லை. அதற்குப் பதிலாக நீங்கள் இப்படிச் சொல்லியிருந்தீர்கள்: "சொந்த வீடு வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அதை இழக்கப் பயந்து செய்தேன். வேறு யாரும் காரணமில்லை."

உங்களுக்கா வீட்டு ஆசை? நீங்கள் லைன் வீட்டுத் தரையில் பாய் போட்டுப் படுத்தால் படுத்ததும் தூங்குகிறவர். அது என் ஆசை. பதினாறு வருஷமாக உங்கள் காதில் ஓதினேன். அதை எடுத்து உங்கள் பெயரில் எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள்.

கிருபாசிந்து காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டார். "சார் நல்லவரா கெட்டவரான்னு எனக்குத் தெரியலை. ஆனா உண்மை சொன்னார்" என்றார். ஒரு வாய் சோறு சாப்பிடச் சொன்னேன். வேண்டாம் என்று போய்விட்டார். அவரிடம் அந்த போன் விஷயத்தை நான் சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் போட்ட கையெழுத்து அங்கே இருக்கிறது. அதைத் திரும்ப வாங்கினால் இந்த வீடு போய்விடும். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அந்த நீல டைல்ஸைப் பார்த்தபடி நின்றேன். இவ்வளவுக்கு அப்புறமும், இது வேண்டும் என்றுதான் மனசு சொல்கிறது. என்னை நானே அருவருத்தேன். அப்படியும் ஆசை விடவில்லை. கீழ்ப்படிவது என்றால் ஆண்டவர் சொன்னதும் ஆசை தானாகவே ஓடிப்போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது ஓடவில்லை. அதை வைத்துக்கொண்டேதான் நடக்க வேண்டும் போலிருக்கிறது. நீங்கள் மார்ச் மாதத்தில் கோர்ட்டுக்குப் போன அன்று உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா? நான் கேட்கவேயில்லையே.

எனக்காக ஜெபம் செய்யுங்கள். தமிழ்மதி மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டுதான் போகிறாள்.

சாலோமி


சோமனூர்,
ஆகஸ்ட் 11

அன்பான உங்களுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்ததும் புரிந்திருக்கும். நாங்கள் பல்லடம் வீட்டைக் காலி செய்துவிட்டோம். சோமனூரில் ஒரு லைன் வீடு பார்த்திருக்கிறோம். ஒரே அறை, பின்னால் சமையலுக்குக் கொஞ்சம் இடம். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடுகிறது. முதல் இரண்டு நாள் காது வலித்தது. இப்போது கரண்ட் போய்த் தறி நின்றால்தான் என்னவோ போல இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டு வேலாத்தாள் அக்கா நல்ல மாதிரி. வந்த அன்றே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

நடந்ததைச் சொல்கிறேன். போன கடிதம் போட்ட மூன்றாம் நாள் சித்ரகலா அக்காவின் வீட்டுக்குப் போனேன். பத்திரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் அழுதுவிட்டார். "நான் உங்களுக்கு என்னங்க குறை வெச்சேன்? என்ற கூடப் பொறந்தவளாட்டத்தான நெனச்சேன்? டைல்ஸ் எடுக்கக்கூட நானே கூட்டிட்டுப் போகலீங்களா?" என்றார். அவர் அழுததில் பொய் இல்லை. வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போய்விடுவாரோ என்ற பயம் எனக்கு எப்படி இருந்ததோ அப்படித்தானே அவருக்கும் இருக்கும்? "ஆமாங்க அக்கா, நீங்க ஒண்ணும் குறை வெக்கலீங்க. அந்தக் கடையில நான் போன்ல சொன்னதை நீங்களும் கேட்டீங்க. நீங்க கேட்டதை ஆண்டவரும் கேட்டுட்டுத்தான இருந்திருப்பாரு?" என்றேன். அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். வெகு நேரம் நின்றேன், வரவில்லை.

பத்திரம் அவரிடம் இல்லை, கோர்ட்டில் போட்டாகிவிட்டது என்று இளங்கோ வாசலில் வந்து சொன்னார். உங்கள் கையெழுத்து கிடைக்காததால் மேல்முறையீட்டை விட்டுவிட்டார்களாம். ஆனால் முதலாளி மேலிருக்கிற கேஸில், நீங்கள் மனநிலை சரியில்லாமல் சொன்னதுதான் எல்லாம் என்று காட்ட என் பத்திரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். "போட்டது போட்டதுதானுங்க அக்கா. இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கோர்ட்டுக்குப் போனேன். எந்த வாசல், எந்த ஜன்னல் என்று ஒன்றும் தெரியாது. நீங்கள் அன்று தனியாக இப்படித்தான் விசாரித்துக்கொண்டு நடந்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வக்கீலம்மா மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன். அவர்தான் உட்கார வைத்து, எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். என் கைப்படவே எழுதினேன். என் கணவருக்கு மனநிலை நன்றாக இருந்தது, இப்போதும் இருக்கிறது, வீடு கிடைக்கும் என்ற ஆசையில் நான் பொய்யாகக் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வக்கீலம்மாவும் அது போதும் என்றார். நிறுத்த முடியவில்லை. அன்று காலை பத்து மணிக்கு அவர் என்னைக் கேட்டார், கட்டச் சொன்னது நான் என்று அதையும் எழுதினேன்.

வக்கீலம்மா படித்துவிட்டுப் பேனாவை மூடினார். "பொய்ப் பத்திரம் குடுத்ததுக்கு உங்க மேலயே நடவடிக்கை வரலாமுங்க. ஊட்டுல வயசுப் புள்ளை இருக்குதுன்னு சொல்றீங்க. நல்லா யோசிச்சுக்குங்க" என்றார். யோசிக்க ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன் என்று தெரிந்ததால், யோசித்துவிட்டேன் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். இன்னும் எனக்கு எந்த ஓலையும் வரவில்லை. வந்தால் வரட்டும். வெளியே வந்து பஸ் ஏறினேன். மனசு லேசாகிவிட்டது, சந்தோஷம் பொங்கியது என்றெல்லாம் எழுத எனக்கு வரவில்லை. பயம்தான் இருந்தது. ஆனால் பத்து மாதமாக யாராவது "சாலோமி" என்று கூப்பிட்டாலே எனக்குத் தூக்கிவாரிப் போடும். பல்லடத்தில் இறங்கியபோது கண்டக்டர் பின்னாலிருந்து "ஏனுங்கக்கா" என்று கத்தினார். பையை விட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன். நான் திடுக்கிடாமல் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. தமிழ்மதிக்கு அதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அப்பா சொன்னது நெசம்னு உனக்கு மொதல்ல இருந்தே தெரியுமாம்மா?" என்று கேட்டாள். தெரியும் கண்ணு என்றேன். "தெரிஞ்சுதான் அப்பாவுக்குப் பைத்தியம்னு எழுதிக் குடுத்தியா?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. என் பாத்திரங்களையும் துணிகளையும் கட்டும்போது மட்டும் கூடவே இருந்து கட்டினாள். உங்களுக்கு ஏதோ எழுதியிருக்கிறாள். அவளே ஒட்டி, அவளே போய்ப் போட்டாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. அவள் எனக்கு விரோதமாக எழுதியிருந்தால் அதை அப்படியே நம்புங்கள்.

போன ஞாயிறு கிருபாசிந்துவைத் தேடிப் போனேன். நான்கு பேர் தங்கியிருக்கிற அறை. அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, டீ வாங்கி வர ஆளை அனுப்பினார். அம்மா அந்தக் குரலைத் தெருவில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார்களாம், கோயிலுக்கும் போய்விட்டு வந்தார்களாம். டீ வந்தது. நான் அதைக் குடிக்காமல், போனில் நான் சொன்னதைச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. இரண்டாவது தடவை இன்னும் எளிதாகச் சொன்னேன். "சார் வேண்டாம்னு நெனச்சாரு. செய்யுங்கன்னு சொன்னது நான்."

அவர் வாளியிலிருந்த சட்டையை எடுத்துப் பிழிந்து, மறுபடி வாளியிலேயே போட்டார். பிறகு, "என் தம்பிக்கு அக்டோபர்ல கல்யாணம் வெச்சிருந்தோம்" என்றார். அதற்குமேல் தமிழ் வரவில்லையோ, சொல்லப் பிடிக்கவில்லையோ தெரியாது. கொஞ்சம் கழித்து, "நீங்க போங்க அக்கா" என்றார். அதட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். மன்னித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் போனேன். அந்த முகத்தைப் பார்த்தபின் அதைக் கேட்பதும்கூட அவரிடமிருந்து ஒன்றைப் பறிப்பது போல இருந்தது. கேட்காமல் வந்துவிட்டேன். அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கட்டாயமும் இல்லை.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பனியன் கம்பெனியில் செக்கிங். காலை ஏழரைக்கு வேன் வருகிறது. மேஜையில் குவித்துப் போட்டிருக்கிற பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கண் வலிக்கிறது, ஆனால் பழகிவிடும். தமிழ்மதி கல்லூரிக்குப் போகத் தொடங்கிவிட்டாள், இங்கிருந்து இரண்டு பஸ். வெள்ளை உடுப்பில் அவளைப் பார்த்தால் நீங்கள் அடையாளம் கண்டுகொள்ள மாட்டீர்கள். இரண்டு வாரமாக என்னோடு கொஞ்சம் பேசுகிறாள்.

இங்கே ஒரு சின்னச் சபை இருக்கிறது. எங்களை யாருக்கும் தெரியாது. நேற்று அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்து ஆராதனை. எல்லோரும் எழுந்து வரிசையாக முன்னால் போனார்கள். நானும் எழுந்தேன், ஆனால் அடி எடுத்து வைக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். தமிழ்மதி திரும்பிப் பார்த்துவிட்டு அவள் மட்டும் போனாள். ஆண்டவரிடம் எல்லாவற்றையும் அறிக்கை செய்துவிட்டேன். கோர்ட்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் உங்களிடம் நான் இன்னும் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை என்பது அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. மூன்று கடிதம் எழுதிவிட்டேன். நடந்ததைச் சொன்னேன், நியாயம் சொன்னேன், கோபத்தைச் சொன்னேன். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். அன்று காலை நீங்கள் போன் செய்தது அனுமதி கேட்க இல்லை என்று எனக்கு இப்போது தெரிகிறது. வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேனா என்றுதான் செய்தீர்கள். தனியாக நிற்கப் பயந்து, கூட நிற்க என்னைத் தேடினீர்கள். நான் கூட நிற்கவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். காலையிலேயே வந்து பார்வையாளர் வரிசையில் நிற்பேன். நீங்கள் வெளியே வந்து என்னைப் பார்க்க விரும்பினால் வாருங்கள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று தோன்றினால், வர வேண்டாம். நான் சாயங்காலம் வரைக்கும் இருந்துவிட்டு, அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி வருவேன்.

உங்களைக் கைவிடாத ஆண்டவர் உங்கள் உடம்பையும் மனசையும் காப்பாராக. மன்னித்தேன் என்று எழுத மனசு வந்தால் எழுதுங்கள். வராவிட்டால், இன்றைக்குச் சாப்பிட்டேன், தூங்கினேன் என்று ஒரு வரி போடுங்கள். அதையே வைத்துக்கொண்டு நான் இருந்துகொள்வேன்.

உங்கள்
சாலோமி